மயிலுக்குப் போர்வை எதற்கு? காட்டுயிரைப் பார்த்துவிட்டு நன்றி சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

வால்பாறைக்குள் நுழைவதற்குச் சற்று முன், புதுத்தோட்டம் பக்கம் சாலையோரமாக ஒரு கார் நின்றிருந்தது. பின்கண்ணாடி பாதி இறங்கி, அதன் வழியே ஒரு சின்னக் கை நீண்டிருந்தது. கையில் வாழைப்பழம். இரண்டடி தள்ளி, தார் ரோட்டின் மேலேயே ஒரு சிங்கவால் குரங்கு உட்கார்ந்திருந்தது. கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் விலங்கு. காட்டில் மிஞ்சியிருப்பவை 4,000க்கும் குறைவு. மரத்தின் உச்சியிலேயே பிறந்து, உச்சியிலேயே சாக வேண்டிய பிராணி, தரையில் உட்கார்ந்து பழத்தை வாங்கிக்கொண்டது. காருக்குள் கைதட்டல்.

"பாவம், பசிக்குது போல" என்றார் பிள்ளையின் அம்மா.

அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு அருகில், இவ்வளவு அழகான ஒன்று வந்து நின்றால் ஏதாவது கொடுக்கத்தான் கை போகும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான பேகனுக்கும் இப்படித்தான் கை போனது. மலைச்சாரலில் நின்ற மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையை எடுத்துப் போர்த்தினான். ஊர் அவனை வள்ளல் என்றது, சரி. மயிலின் பக்கமிருந்து யாரும் யோசிக்கவில்லை. நனைந்த போர்வைக்குள் சிக்கிய தோகையோடு அது எப்படி வெளியே வந்திருக்கும்?

போர்வை போர்த்தாமல் நன்றி சொல்வது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. ஆனைமலைப் பக்கம் பல வருடம் சுற்றியதில் நான் கற்றதும், நான் செய்த தப்புகளும் இதில் இருக்கின்றன.

முதல் படி: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்

புதுப்புது சரணாலயமாகத் தேடி ஓடுபவர்களுக்குப் பட்டியல் நீளும், பழக்கம் வளராது. வீட்டிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏரியாக இருக்கலாம், கடற்கரையாக இருக்கலாம், மலைப்பாதையின் ஒரு வளைவாகக்கூட இருக்கலாம். எனக்கு வாய்த்தது ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலை. 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் கீழே ஆழியாறு அணை தெரியும். மேலே பாறையில், அதிர்ஷ்டம் இருந்தால், வரையாடு நிற்கும்.

வரையாடு நம் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 இருந்தன. ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று பந்தியில் உட்காரவைத்து எழுப்பிவிடலாம், அவ்வளவுதான் மொத்தமே. அந்த எண் தெரிந்த பிறகு பாறையில் ஏழு ஆட்டைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். ஆகவே போகும் முன் இரண்டு விஷயம் படித்துக்கொள்ளுங்கள்: அந்த விலங்கு எத்தனை மிஞ்சியிருக்கிறது, எப்போது குட்டி போடுகிறது. வரையாடு பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை ஈனும். மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவை அந்தச் சமயத்தில் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவது அதனால்தான். மூடியிருக்கிறதே என்று கேட்டில் நின்று சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரசவ அறை வாசலில் டிக்கெட் கேட்பது போல இருக்கும்.

காட்டுக்குள் நடக்க ஆசையா? அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தது. வழிகாட்டிகளாக வருவதில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். கோடையில் காட்டுத்தீ பயத்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். நீங்கள் போகும் மலைக்கும் அது உண்டா என்று புறப்படும் முன் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பையும் உடுப்பும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பளிச்சென்ற வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். மண் நிறம், இலை நிறம் போதும். சென்ட் போடாதீர்கள். யானைக்குக் கண் சுமார், மூக்கு அபாரம். காற்று உங்கள் பக்கமிருந்து அடித்தால் நீங்கள் அதைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அது உங்களை அறிந்துவிடும். ஒரு சிட்டிகை மண்ணைத் தூவிப் பார்த்தால் காற்றின் திசை தெரியும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். அதற்கென்று விற்கும் நீளக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். பைனாகுலர் ஒன்று, சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. பேனா ஈரத்தில் மக்கர் பண்ணும். தின்பண்டம் எதுவானாலும் டப்பாவில். சிப்ஸ் பாக்கெட் பிரிக்கும் சத்தம் குரங்குக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மூன்றாம் படி: முதலில் காது

வண்டியை விட்டு இறங்கியதும் கேமராவைத் தூக்காமல் 20 நிமிடம் சும்மா நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இருக்காது. நாம் வந்த சத்தத்தில் எல்லாம் அடங்கியிருக்கும். பிறகுதான் காடு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடரும்.

கருமந்தி என்ற கருங்குரங்கு மரத்தில் உட்கார்ந்து ஒரே இடத்தைப் பார்த்து அடித்தொண்டையில் இருமினால், கீழே சிறுத்தையோ புலியோ நடமாடுகிறது என்று அர்த்தம். கடமான் "டாங்க்" என்று மணியடித்தது போல ஒற்றைக் குரல் கொடுக்கும். கேளையாடு என்ற சின்ன மான் நாய் மாதிரியே குரைக்கும். ஊர் நாய் எப்படி இங்கே வந்தது என்று நான் பல தடவை ஏமாந்திருக்கிறேன். இருவாச்சி பறந்தால் குரல்கூட வேண்டாம், இறக்கைச் சத்தமே போதும். பழைய நீராவி இன்ஜின் மேட்டில் ஏறுவது போல "உஸ்... உஸ்..." என்று தலைக்கு மேல் போகும்.

தரையையும் படியுங்கள். யானை லத்தி பளபளவென்று ஈரமாக இருந்தால் ஆள் பக்கத்தில். காய்ந்து, நார் பிரிந்து, அதில் செடி முளைத்திருந்தால் போய் நாளாகிவிட்டது. முளைத்த லத்தியை ஒரு தடவை குனிந்து பாருங்கள். ஒரு மரத்தை யார் நட்டது என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கும்.

எதுவுமே வராமல் போகும் நாட்கள்தான் அதிகம். அன்றைக்கும் நோட்டில் எழுத விஷயம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்காம் படி: எதிரே நிற்கும்போது

போன வருடம் ஒரு சாயங்காலம். தேயிலைத் தோட்டத்துச் சாலையில் டிரைவர் அண்ணன் வண்டியை மெதுவாக நிறுத்தினார். "சார், சத்தம் போடாதீங்க. இடது பக்கம் சோலைய பாருங்க." எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சோலையின் ஓரத்தில் ஒரு நிழல் காதை ஆட்டியது.

ஐந்து யானைகள். முன்னால் பெரிய பெட்டை, நடுவே தாயின் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி. எங்களுக்கும் அவற்றுக்கும் இடையே நூறு மீட்டருக்கு மேல் இருந்தது. எதிர்ப்பக்கம், லைன் வீடுகளுக்குப் போகும் குறுக்குப் பாதையில், கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிய ஒரு அக்காவும் நின்றுவிட்டார். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டிருந்தார்.

இந்த நேரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது தந்தத்தை அல்ல, காதை. காது நிதானமாக விசிறிக்கொண்டிருந்தால், வால் ஆடினால், வாய் மென்றுகொண்டிருந்தால் அது தன் வேலையைப் பார்க்கிறது. காது சட்டென்று நின்றால் அது கேட்கிறது. துதிக்கை உயர்ந்து உங்கள் பக்கம் திரும்பினால் மோப்பம் பிடிக்கிறது. காது விரிந்து விறைத்து, தலை நிமிர்ந்து, முன்னங்கால் மண்ணைத் தேய்த்தால், நீங்கள் ஏற்கெனவே அங்கே இருக்கக் கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் ஈரக்கோடு வழிந்தால் மதநீர், தூரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

அன்று பெரிய பெட்டையின் காது ஒரு தடவை நின்றது. டிரைவர் அண்ணன் எதுவும் சொல்லாமல் வண்டியை ரிவர்ஸில் பத்தடி நகர்த்தினார். காது மறுபடி ஆடத் தொடங்கியது. அந்தப் பத்தடிதான் அன்றைக்கு நாங்கள் கொடுத்த மரியாதை. கூட்டம் சாலைக்கு வந்தது. குட்டி மட்டும் தாரின் விளிம்பில் தயங்கி, முன்னங்காலை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, பின்னாலிருந்த யானை துதிக்கையால் தள்ளிய பிறகு நடந்தது. என் போன் பைக்குள்ளேயே இருந்தது. எடுக்கக் கை வரவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை, பயம்.

நடைமுறைக்குச் சில விதிகள். வண்டியில் இருந்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள், இறங்காதீர்கள், ஹாரனும் ஹைபீமும் வேண்டாம், பின்னால் போக இடம் வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். நடந்து போகையில் காட்டுமாடு எதிர்ப்பட்டால் அது மறையும் வரை நில்லுங்கள். சாதுவாகத் தெரியும், ஒரு பெரிய கிடாவின் எடை ஒரு டன் வரை போகும். சிறுத்தையைக் கண்டால் ஓடவும் கூடாது, குனியவும் கூடாது. முகத்தைக் காட்டியபடியே மெல்லப் பின்வாங்குங்கள். கரடி இருக்கும் புதர்க்காட்டில் பேசிக்கொண்டே நடங்கள்; திடுக்கிட வைப்பதுதான் அங்கே ஆபத்து. எல்லா விலங்குக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றுதான்: நீங்கள் வந்ததால் அது செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள்.

முடிந்ததும் நீங்கள் முதலில் கிளம்புங்கள். அது பயந்து ஓடும்வரை பார்த்துவிட்டு "சூப்பரா பார்த்தோம்" என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை.

ஐந்தாம் படி: அன்றிரவே கணக்கு எழுதுங்கள்

நன்றிக்குறிப்பு எழுதச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய உண்டு. "இன்று யானையைப் பார்த்தேன், மனம் நிறைந்தது" என்று எழுதிவைத்தால் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது அதில் யானையும் இருக்காது, மனமும் இருக்காது. நான் செய்வது மளிகைக்கடை நோட்டு முறை. பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. வரவு என்பது நான் பெற்றது. பற்று என்பது அதனால் அந்த விலங்குக்கு ஆன செலவு.

என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

மார்ச் 9, காலை 6.50, ஒன்பதாவது வளைவு, லேசான மூட்டம்.
வரவு: வரையாடு 7. கிடா 1, முதுகில் சேணம் வைத்தது போல வெளுத்த திட்டு. பெட்டை 4. குட்டி 2. ஒரு குட்டி செங்குத்துப் பாறையில் நின்றபடியே பால் குடித்தது. முட்டி முட்டிக் குடித்ததில் தாய்க்குப் பின்னங்கால் சறுக்கி மறுபடி பிடித்தது. சிறு கல் ஒன்று உருண்டு சாலை வரை வந்தது.
பற்று: கைப்பிடிச் சுவரைத் தாண்டி இரண்டடி வைத்தேன். குட்டி குடிப்பதை நிறுத்தியது. பின்வாங்கினேன். மறுபடி குடிக்க நான்கு நிமிடம் ஆனது.

நான்கு நிமிடப் பால். அதுதான் அன்றைய கடன். அப்படி எழுதிவைத்த பிறகு அந்தச் சுவரை நான் தாண்டியதே இல்லை.

எழுதும்போது மூன்றைக் கவனியுங்கள். எண்ணிக்கையை முதலில் எழுதுங்கள், உணர்ச்சி பிறகு வரும். வேறு எங்கும் நடந்திருக்க முடியாத ஒரு சின்ன விஷயத்தைப் பிடியுங்கள். உருண்ட கல் மாதிரி. பற்றுப் பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். உண்மையிலேயே ஒன்றும் இல்லையென்றால் "தொந்தரவு இல்லை" என்று எழுதுங்கள், அந்த வரியை எழுதக் கிடைக்கும் நாள் நல்ல நாள். எதுவும் தென்படாத நாளில் கேட்டதை, மோந்ததை, கால்தடத்தை எழுதுங்கள்.

ஆறாம் படி: இடத்தைச் சொல்லாதீர்கள்

இதை நான் கற்ற விதம் இப்போதும் உறுத்துகிறது.

பெரிய இருவாச்சி கூடு வைக்கும் விதம் தெரியுமல்லவா? வயதான மரத்தின் பொந்துக்குள் பெட்டை நுழைந்து, வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, மாதக்கணக்கில் அது உள்ளேயே. அத்தனை நாளும் ஆண் பறவை ஆல், அத்தி, இச்சிப் பழங்களைத் தொண்டையில் அடக்கி எடுத்து வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி அந்தக் கீற்று வழியே ஊட்டும். கீழே ஆள் நின்றால் அது கூட்டுக்கு வராது. தூர மரத்தில் காத்திருக்கும்.

அப்படியொரு கூட்டை எனக்கு ஒரு வனத்துறை வாட்ச்சர் காட்டினார். தூரத்திலிருந்து படம் எடுத்தேன். அன்றிரவு நன்றிப் பெருக்கில் பேஸ்புக்கில் நீளமாக எழுதி, எந்தச் சாலை, எந்த மரம் என்பது வரை போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் போன் செய்தார்.

"சார், நீங்க போட்ட போட்டோ நல்லா இருந்துச்சு. காலைல இருந்து ஆறு கார் வந்துட்டுப் போச்சு." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மத்தியானம் வரைக்கும் அது தீனி கொண்டாரல சார்."

பதிவை அழித்தேன். அந்த ஆறு கார்களை அழிக்க முடியவில்லை.

எனவே படம் போடுங்கள், கதை சொல்லுங்கள், ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போனில் கேமராவின் லொகேஷனை அணைத்துவிடுங்கள். கூடு, குகை, குட்டி இருக்கும் இடம் எதுவும் வேண்டாம். அறிவியலுக்குப் பயன்பட வேண்டும் என்றால் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். அழியும் நிலையில் உள்ள இனம் என்றால் அது சரியான இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்துவிடும். பறவைகளுக்கு இ-பேர்ட் இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் 15 நிமிடம் உங்கள் மொட்டை மாடியில் நின்று எண்ணினாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

ஏழாம் படி: கைம்மாறு

காட்டுயிருக்குத் தேவையானவை நம்மிடம் இருக்கின்றன: தூரம், இருட்டு, அமைதி, வேகக்குறைவு. நான்கும் காசில்லாமல் கொடுக்கக்கூடியவை.

மலைப்பாதையில் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டுவது ஒரு நன்றி. புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடக்க. நாம் கீழே பழம் நீட்டினால் அந்தப் பாலம் எதற்கு? உணவு கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று வனத்துறை போர்டு வைத்திருப்பது அபராதம் வசூலிக்க ஆசைப்பட்டு அல்ல. சத்தியமங்கலம் காட்டுச் சாலையில் பண்ணாரி முதல் திம்பம் வரை 2022 பிப்ரவரியில் வந்த இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைச் சபிக்காமல் பயணத்தைப் பகலுக்கு மாற்றிக்கொள்வது இன்னொரு நன்றி. "நைட் சஃபாரி" என்று ஜீப்காரர் காதைக் கடித்தால் மறுத்துவிடுங்கள். சட்டவிரோதம், ஸ்பாட்லைட்டில் குருடாகி நிற்கும் கடமானைப் பார்ப்பதில் பார்க்க ஒன்றுமில்லை.

இருட்டைக் கொடுப்பதென்றால் கடற்கரைக்காரர்களுக்குப் பங்குனி ஆமை இருக்கிறது. சென்னையில் மாணவர்கள் 1988 முதல் அது முட்டையிடும் பருவத்தில் இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளைப் பாதுகாப்பாக வேலிக்குள் மாற்றி, 45 நாளுக்குப் பிறகு குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். குஞ்சு வெளிச்சத்தை நோக்கிப் போகும். ஒரு காலத்தில் அது கடல்மேல் மினுங்கும் வெளிச்சம். இப்போது நம் வீட்டு வாசல் விளக்கு. அந்த மாதங்களில் கடல் பார்த்த விளக்கை அணையுங்கள்.

அமைதியைக் கொடுத்தவர்களில் என் மரியாதை முழுக்கச் சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்களுக்கு. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகள் உள்ள ஊர் அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வனத்துறையினர் தீபாவளிக்கு அங்கே இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறார்கள்.

பணம் கொடுக்க மனமிருந்தால் உள்ளூர் வழிகாட்டிக்கும் வாட்ச்சருக்கும் போய்ச் சேரும்படி கொடுங்கள்.

எட்டாவது: நன்றி சொல்லக் கடமைப்படாதவர்கள்

இதைப் படி என்று சொல்ல முடியாது, ஒரு எச்சரிக்கை. ஒரு நாள் பார்த்துவிட்டுத் திரும்பும் நம் நன்றிக்குச் செலவு குறைவு. பன்றிக்கு மக்காச்சோளத்தை இழந்தவரிடமும், யானையால் வீட்டில் ஆள் இழந்தவரிடமும் போய் "நீங்க கொடுத்து வெச்சவங்க, தினமும் பார்க்கறீங்க" என்று சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். டீக்கடையே அமைதியானது.

வால்பாறையில் சோலைத்துண்டுகளுக்கும் தேயிலைக்கும் நடுவே யானையும் மனிதரும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள். யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். முக்கியமான திருப்பங்களில் போன் மூலம் எரியவைக்கும் சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. விளக்கு எரிந்தால் வேலை முடிந்து வருபவர்கள் வேறு வழியில் வீட்டுக்குப் போவார்கள். ரேஷன் கடைச் சுவரும் சத்துணவுக்கூடக் கதவும் அரிசிக்காக உடைபடுவது அங்கே புதிதல்ல. நீங்கள் தங்கும் இடத்தில் சிவப்பு விளக்கு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அன்று அந்த ஐந்து யானைகளும் சாலையைக் கடந்து தேயிலைக்குள் இறங்கியதும் கொங்காணியோடு நின்ற அக்கா எங்கள் வண்டிப் பக்கம் வந்தார். கூட்டம் போன திசையைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

"ரெண்டு தடவை என் வீட்டு அடுப்படிய இடிச்ச சாமி" என்றார். பிறகு குரலை உயர்த்தி யானைகளிடமே சொன்னார்: "இன்னிக்கு இப்படியே ஆத்தோரமாப் போயிரு சாமி. வீட்டுல அரிசி கம்மி."